புது டிசி எழும்பிவிட்டது, சோனைக் காணவில்லை

புது சேர்வரை டொமைன் கொன்ட்ரோலராக, அதாவது அலுவலகத்தின் பயனர் கணக்குகளையும் லொகினையும் பார்க்கும் டிசியாக, உயர்த்தியாயிற்று. ரீஸ்டார்ட் முடிந்து உள்ளே போய் டிஎன்எஸ் மனேஜரைத் திறக்கிறீர்கள் (பெயரைக் கேட்டால் ஐபியைச் சொல்வது டிஎன்எஸ்). ஃபோர்வர்ட் லுக்கப் சோன்ஸ் கோப்புறையை விரித்தால் வெறுமை. பழைய சேர்வரில் இருநூறு ரெக்கோர்டோடு கிடக்கும் சோன், அதாவது டொமைனின் பெயர்ப் பட்டியல், இங்கே பேருக்கும் இல்லை. அந்த நேரம் கை தானாக வலது கிளிக்குக்குப் போகும், ‘நியூ சோன்’ என்ற வரி கண்ணில் படும். அதை அமத்தாதீர்கள். மற்றது எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

நான் ஒருக்கால் அமத்தியிருக்கிறேன். மாங்குளப் பக்கம் ஓர் அலுவலகம், வெள்ளிக்கிழமை பின்னேரம், கிளிநொச்சி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். புது டிசியில் சோன் இல்லையே என்று அதே பெயரில் ஒன்றை உருவாக்கி, டிசிகள் தங்களுக்குள் பகிரும் தரவுத்தளமான அக்டிவ் டிரெக்டரியில் சேமிக்கிற பெட்டிக்கும் சரி போட்டுவிட்டு ஏ9 வீதிக்கு ஓடினேன். ரெப்ளிகேஷன், அதாவது ஒரு டிசியில் இருப்பதை மற்றதுக்குப் பிரதி எடுப்பது, அதற்குப் பிறகுதான் ஓடியது. ஒரே பெயரில் இரண்டு சோன் முகம் பார்த்தால் அக்டிவ் டிரெக்டரி இரண்டையும் கலக்காது. பிந்திப் பிறந்ததற்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, முந்திப் பிறந்ததன் பெயருக்குப் பின்னால் சிஎன்எஃப் என்ற மூன்று எழுத்தையும் நீளமான ஓர் இலக்கத்தையும் ஒட்டி ஓரமாக வைத்துவிடும். பிந்திப் பிறந்தது என்னுடைய வெறும் சோன். திங்கள் காலை பழைய சேர்வரிலும் அதுதான் இருந்தது. ஒருவருக்கும் லொகின் பண்ண ஏலவில்லை.

நெட்லொகன் சேவையை நிறுத்தித் திருப்பித் தொடக்கியதும் டிசிகளின் ரெக்கோர்டுகள் தாங்களாக வந்துவிட்டன. கணினிகள் ரீஸ்டார்ட் ஆக ஆகத் தங்களைப் பதிந்துகொண்டன. கையால் போட்டவை மட்டும் வரவில்லை: பிரிண்டர்கள், கணக்கு மென்பொருள் கிடக்கும் சேர்வர், சிசிடிவிப் பெட்டி. அவற்றின் ஐபிக்களை மேசை மேசையாகப் போய்க் கேட்டு எழுதினேன். ‘என்ன பிள்ளை, வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தது?’ என்று கணக்காளர் ஐயா மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் கேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோன் என்பதை வலயம் என்று எழுதலாம்தான். ஆனால் வன்னியில் வலயம் என்றால் வலயக் கல்விப் பணிமனை. ஆசிரியர் இடமாற்றம் பற்றிய கட்டுரை என்று நினைத்து வந்துவிடுவீர்கள். சோன் என்றே விடுகிறேன்.

இனி இப்போது நான் வேலை பார்க்கும் இடம். கிளிநொச்சியில் தலைமையகம், நாற்பது கணினி. புதுக்குடியிருப்பில் ஒரு கிளை, எட்டுக் கணினி, நடுவில் விபிஎன். எனக்கு முந்தி இருந்தவர் சேர்வர்களுக்குக் குளங்களின் பெயரை வைத்திருந்தார். தலைமையகத்தில் ‘இரணைமடு’, கிளையில் ‘முத்தையன்கட்டு’, இரண்டும் 2012 ஆர்2. ‘வவுனிக்குளம்’ என்று ஒன்று இருந்து, இடி விழுந்து மதர்போர்ட் எரிந்து, தூக்கி எறியப்பட்டது. டிஸ்க் நிரம்பினால் ‘அக்கா, இரணைமடு வான் பாயுது’ என்று அறிவிப்பது என்னோடு வேலை செய்யும் தம்பியின் பகிடி. புதிதாகச் சேர்த்தது ‘அக்கராயன்’, விண்டோஸ் சேர்வர் 2022.

ஏன் 2022? 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 ஒக்டோபர் 10 அன்றே முடிந்துவிட்டது. மாற்றித்தான் ஆகவேண்டும். 2025-க்குத் தாவலாமே என்றால், அதை டிசியாகச் சேர்க்க ஃபங்ஷனல் லெவல் (டிசிகள் எவ்வளவு பழைய விண்டோஸாக இருக்கலாம் என்ற மட்டம்) 2016 ஆக இருக்கவேண்டும். 2012 ஆர்2 டிசி ஒன்று உயிரோடு இருக்கும்வரை அந்த லெவலுக்கு ஏற்ற முடியாது. 2019-உம் 2022-உம் 2008 லெவலே காணும் என்கின்றன. இன்னொன்று, உங்கள் டொமைன் பழைய காலத்தில் பிறந்ததென்றால் எல்லா டிசியும் பகிரும் சிஸ்வொல் கோப்புறை எதால் ரெப்ளிகேட் ஆகிறது என்று பாருங்கள். எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறை என்றால் 2019-உம் அதற்குப் பிந்தியவையும் வாசலிலேயே மறித்துவிடும். டிஎஃப்எஸ்ஆர்மிக் கட்டளையால் முதலில் புது முறையான டிஎஃப்எஸ்ஆருக்கு மாற்றவேண்டும். இது சோன் கதை இல்லை, ஆனாலும் இதில் தடக்கினால் சோன் வரை போகவே மாட்டீர்கள்.

முதலில் பழையதைப் பாருங்கள்

புதியதைத் தொடுவதற்கு முன் பழைய டிசியில் ஒரு மணித்தியாலம் இருங்கள். சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் ஒன்று எடுங்கள். பிறகு டிஎன்எஸ் மனேஜரில் ஒவ்வொரு சோனையும் வலது கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ் போய், முதல் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரியைக் கொப்பியில் எழுதுங்கள். ஒன்று ‘டைப்’, மற்றது ‘ரெப்ளிகேஷன்’.

டைப் என்ற இடத்தில் ‘அக்டிவ் டிரெக்டரி இன்டெக்ரேட்டட்’ என்று இருந்தால்தான் அந்தச் சோன் ரெப்ளிகேஷனில் தானாக வரும். வெறும் ‘பிரைமரி’ என்று இருந்தால் அது பழைய சேர்வரின் சிஸ்டம்32-க்குள் டிஎன்எஸ் கோப்புறையில் கிடக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. எத்தனை நாள் காத்திருந்தாலும் புதியதுக்கு வராது.

ரெப்ளிகேஷன் வரி சோன் எந்த அறையில் குடியிருக்கிறது என்று சொல்லும். மூன்று அறை உண்டு. விண்டோஸ் 2000 காலத்தில் சோன், பயனர் கணக்குகள் எல்லாம் இருக்கும் டொமைன் பார்ட்டிஷனுக்குள்ளேயே கிடந்தது. சேர்வர் 2003-இல் டிஎன்எஸ்ஸுக்கென்று தனியாக இரண்டு பார்ட்டிஷன் வந்தன. டொமைன்டிஎன்எஸ்சோன்ஸ் அந்த டொமைனின் டிஎன்எஸ் டிசிகளுக்கு. ஃபொரஸ்ட்டிஎன்எஸ்சோன்ஸ் முழு ஃபொரஸ்ட்டுக்கும், அதாவது ஒன்றாகக் கட்டிய டொமைன்கள் எல்லாவற்றுக்கும். சாதாரணமாக உங்கள் டொமைன் பெயர்ச் சோன் முதலாவதிலும், டிசிகளைக் கண்டுபிடிக்க உதவும், முன்னால் அடிக்கோடு போட்ட எம்எஸ்டிசிஎஸ் சோன் இரண்டாவதிலும் இருக்கும்.

இரணைமடுவில் எனக்குக் கிடைத்த பட்டியல்: சங்கம் டொட் லோக்கல் சோன், டொமைன் அறையில். எம்எஸ்டிசிஎஸ், ஃபொரஸ்ட் அறையில். 192.168.10-க்கான ரிவர்ஸ் சோன் (ஐபியிலிருந்து பெயரைத் தேடுவது), வெறும் பிரைமரி. அந்த மூன்றாவது வரியை அன்றைக்கே சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவைத்தேன்.

புதியது யாரிடம் கேட்கிறது

புது சேர்வரின் நெட்வேர்க் கார்டில் டிஎன்எஸ் என்ற இடத்தில் பழைய டிசியின் ஐபி மட்டும் இருக்கவேண்டும். எனக்கு அது 192.168.10.5. ரவுட்டரின் ஐபி வேண்டாம். ‘இன்டர்நெட்டுக்கு இருக்கட்டும்’ என்று இரண்டாவது வரியில் 8.8.8.8 போடுவதும் வேண்டாம். வன்னியில் நான் திறந்து பார்த்த சேர்வர்களில் பாதிக்கு மேல் இந்த 8.8.8.8 இருந்திருக்கிறது. முதல் டிஎன்எஸ் ஒருதரம் பதில் சொல்லப் பிந்தினால் விண்டோஸ் இரண்டாவதிடம் போகும். கூகிளின் சேர்வருக்குச் சங்கம் டொட் லோக்கல் பற்றி என்ன தெரியும்? இல்லை என்று சொல்லும். ‘இல்லை’ என்பதும் பதில்தானே, விண்டோஸ் அதை நம்பிவிடும்.

டிசியாக உயர்த்தும்போது, டெலிகேஷன் (மேல் டொமைனிலிருந்து இங்கே வழிகாட்டும் குறிப்பு) உருவாக்க முடியவில்லை என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரும். உள்ளுக்குள் மட்டும் பாவிக்கிற டொமைன் பெயர் என்றால் பொருட்படுத்தாமல் அடுத்ததை அமத்துங்கள்.

உயர்த்திய பிறகு ஒழுங்கு: முதலில் மற்ற டிசி, இரண்டாவதாகத் தன்னைத்தானே, அதாவது 127.0.0.1. தன்னை மட்டுமே போட்டுக்கொண்ட டிசி தனித்தீவு. 2022-இல் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் வெட்டிய நாட்களில் இதை வடிவாகப் படித்தேன். கரண்ட் வந்ததும் எழும்பிய சேர்வரில் டிஎன்எஸ் சேவை அக்டிவ் டிரெக்டரி தயாராகட்டும் என்று காத்திருக்கும், அக்டிவ் டிரெக்டரி தன் கூட்டாளியைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஈவென்ட் வியூவரில் 4013 என்று விழும். நல்லது கெட்டது இல்லை, காத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் இரண்டு டிசியையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் காத்திருப்பு நீளும். ஒன்றை எழுப்பி அது லொகின் திரை வரை வந்த பிறகு மற்றதை எழுப்புங்கள்.

காத்திருப்புக்கும் கணக்கு இருக்கிறது

உயர்த்தும்போது ஸ்கீமா, கொன்ஃபிகரேஷன், டொமைன் ஆகிய மூன்று பார்ட்டிஷனும் கையோடு வந்துவிடும். டிஎன்எஸ்ஸின் இரண்டும் பிறகுதான் வரும். புது சேர்வர் தன் பெயரை அவற்றுக்குப் பதியவேண்டும், கேசிசி என்கிற உள் வேலையாள் அவற்றுக்கான இணைப்பைக் கட்டவேண்டும், அதற்குப் பிறகு தரவு ஓடவேண்டும். கேசிசி 15 நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பும். டிஎன்எஸ் சேவை அக்டிவ் டிரெக்டரியை 3 நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கும். ஆக, இரண்டு சேர்வரும் ஒரே சைட்டில், அதாவது ஒரே இடத்து நெட்வேர்க்கில், என்றால் அரை மணித்தியாலம் கொடுங்கள். வேறு சைட் என்றால் சைட் லிங்கின் இயல்பான இடைவெளியே 180 நிமிடம். 15 நிமிடம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே அந்தப் பெட்டி விடாது.

வாய்க்காலில் தண்ணி திறந்தவுடனே கடைசி வயலுக்கு வருமா? வராது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். சேர்வர் என்றால் மட்டும் ஏனோ ஐந்து நிமிடத்தில் பொறுமை போய்விடுகிறது. எங்களுக்கு மேசையில் முறிகண்டிக் கச்சான் ஒரு பை இருந்தது. அது முடிந்தும் சோன் வரவில்லை. அப்போதுதான் தேடத் தொடங்கினோம்.

ரெப்அட்மின் என்ன சொல்கிறது

புது டிசியில் அட்மினாகக் கட்டளைத் திரையைத் திறந்து, ரெப்ளிகேஷன் நிலையைச் சொல்லும் ரெப்அட்மின் கட்டளையை ஷோரெப்எல் என்ற சேர்க்கையோடு ஓடவிடுங்கள். நீளமாகக் கொட்டும். பயப்படாமல் ‘இன்பவுண்ட் நெய்பர்ஸ்’ என்ற தலைப்புக்குக் கீழே எத்தனை கட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து இருக்கவேண்டும்: டொமைன், கொன்ஃபிகரேஷன், ஸ்கீமா, டொமைன்டிஎன்எஸ்சோன்ஸ், ஃபொரஸ்ட்டிஎன்எஸ்சோன்ஸ். ஒவ்வொன்றிலும் கடைசி முயற்சி வெற்றி என்று நேரத்தோடு இருக்கவேண்டும்.

அக்கராயனில் மூன்றுதான் இருந்தது. அந்த மூன்றிலும் கடைசி முயற்சி தோல்வி, இலக்கம் 1398. நேர வித்தியாசம் என்பதற்கான இலக்கம் அது.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, காலை பத்தரை மணி. திரையின் மூலையைப் பார்த்தேன், பத்தரை என்றே இருந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்தரை. இரணைமடுவிலும் பத்தரை. பிறகு என்ன வித்தியாசம்?

தம்பி மெதுவாகச் சொன்னான். ‘அக்கா, காலமை வரேக்க இதில முதல் நாள் இரவு நேரம் காட்டிச்சு. நான்தான் சரியாக்கிவிட்டன். மாத்த மாத்தத் திரும்பப் பிழையாகுது. மூண்டு தரம் மாத்திப்போட்டன்.’

டைம் சோனைத் திறந்தால் பசிபிக். விண்டோஸ் சேர்வரை நிறுவும்போது அங்கே கை வைக்காவிட்டால் அமெரிக்க மேற்குக் கரையின் நேரத்திலேயே நின்றுவிடும். எங்கள் காலை பத்தரை அங்கே தை மாதத்தில் முதல் நாள் இரவு ஒன்பது. அக்கராயன் இரவு ஒன்பது என்று காட்டியபோதுதான் அதன் உள் மணிக்கூடு சரியாக இருந்தது. தம்பி முகப்பைச் சுவரோடு பொருத்தியபோது உள் மணிக்கூடு பதின்மூன்றரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடிவிட்டது. லொகினைச் சரிபார்க்கும் கெர்பரொஸ் பொறுப்பது 5 நிமிட வித்தியாசத்தை. டைம் சேவை பாவம், பழைய டிசியைக் கேட்டுத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய, இவன் திருப்பித் திருப்பிக் குழப்பியிருக்கிறான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். டைம் சோன் பட்டியலில் ஐந்தரை மணித்தியாலம் கூட்டியவற்றுக்குள் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்று இருக்கும், அதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு டபிள்யூ32டிஎம் கட்டளையை ரீசிங்க் சேர்க்கையோடு ஓடவிடுங்கள். கெர்பரொஸ் கொடுத்த பழைய டிக்கட்டுகள் போக ஒரு ரீஸ்டார்ட். நேரத்தைக் கையால் தொடாதீர்கள். டொமைனில் நேரத்துக்குப் பொறுப்பு பிடிசி எமியுலேட்டர் வேலையை வைத்திருக்கும் டிசி. அதில் மதர்போர்டின் 2032 பட்டரி செத்துக் கிடந்தால் முழு டொமைனும் சேர்ந்து பிந்தும், அதையும் ஒருக்கால் பாருங்கள்.

ரீஸ்டார்ட் ஆகி இருபது நிமிடத்தில் ஐந்து கட்டும் வந்தன. டிஎன்எஸ் மனேஜரில் எஃப்5 அமத்தியபோது இரண்டு சோனும் நின்றன.

எல்லாருக்கும் நேரம்தான் வில்லன் என்றில்லை. 1722 என்றால் ஆர்பிசி (சேர்வர்கள் தங்களுக்குள் பேசும் வழி) எட்டவில்லை: 135 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டு 49152 முதல் 65535 வரை மறந்துபோன ஃபயர்வோலைத் தேடுங்கள், புதுக்குடியிருப்பு விபிஎன்னில் எனக்கு அதுதான் நடந்தது. 8614 என்றால் கூட்டாளிகள் டூம்ஸ்டோன் காலத்துக்கு (அழித்தவற்றின் தடயத்தை வைத்திருக்கும் நாட்களுக்கு) மேல் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பழைய டொமைன்களில் அது 60 நாள், பிந்தியவற்றில் 180. அதில் சோனைத் தேடி வேலையில்லை, அதை டிசி நிலையிலிருந்து இறக்கித் திருப்பிச் சேர்ப்பதே கெதியான வழி. மூன்று கட்டும் வெற்றி, டிஎன்எஸ் கட்டு இரண்டும் இல்லவே இல்லை, ஒரு மணித்தியாலமும் போய்விட்டது என்றால், புதியது அந்த பார்ட்டிஷன்களுக்குப் பெயர் கொடுக்கவில்லை. டிஎன்எஸ்சிஎம்டி கட்டளையில் என்லிஸ்ட் டிரெக்டரி பார்ட்டிஷன் என்ற சேர்க்கை அதற்குத்தான் இருக்கிறது.

8524 என்றால் டிஎன்எஸ் தேடலே தோற்றிருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரணைமடு அக்கராயனைத் தேடுவது ‘அக்கராயன்’ என்ற பெயரால் இல்லை. ஒவ்வொரு டிசிக்கும் ஜியுஐடி என்று நீள இலக்கம் ஒன்று உண்டு. எம்எஸ்டிசிஎஸ் சோனுக்குள் அந்த இலக்கத்தின் பெயரில் ஒரு சிநேம் ரெக்கோர்ட் இருக்கும், அதுதான் உண்மைப் பெயரைக் காட்டும். ஆகவே பிங் அழகாக வேலைசெய்யும், ரெப்ளிகேஷன் மட்டும் ஓடாது. பழைய டிசியில் எம்எஸ்டிசிஎஸ் சோனைத் திறந்து சிநேம்களை எண்ணுங்கள். எத்தனை டிசியோ அத்தனை இருக்கவேண்டும். புதியதின் வரி இல்லையென்றால், அதன் கார்டில் டிஎன்எஸ் பழைய டிசியைத்தான் காட்டுகிறதா என்று உறுதிப்படுத்திவிட்டு, புதியதில் என்எல்டெஸ்ட் கட்டளையை டிஎஸ்ரெக்டிஎன்எஸ் சேர்க்கையோடு ஓடவிடுங்கள். நெட்லொகன் சேவையை நிறுத்தித் தொடக்கினாலும் அதே வேலைதான். ரெக்கோர்டைக் கையால் எழுத வெளிக்கிடாதீர்கள். அந்த இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் கண்ணுக்கும் பிடிபடாது.

சிவப்பு வட்டம் போட்ட சோன்

மூன்றாவது, ரிவர்ஸ் சோன். அது வரவில்லை, வராது என்று முன்னமே தெரியும். புதியதில் ஒன்றும் செய்யவேண்டாம். பழைய டிசியில் டிஎன்எஸ் கோப்புறைக்குள் இருக்கும் அந்தக் கோப்பை யூஎஸ்பியில் ஒரு பிரதி எடுங்கள். பிறகு சோனின் ப்ரொப்பர்ட்டீஸில் டைப்புக்குப் பக்கத்தில் ‘சேஞ்ச்’ அமத்தி, அக்டிவ் டிரெக்டரியில் சேமிக்கிற பெட்டிக்குச் சரி போடுங்கள். அந்தப் பெட்டி டிசியில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். ரெப்ளிகேஷன் வரியில் டொமைனின் எல்லா டிஎன்எஸ் சேர்வர்களுக்கும் என்பதைத் தெரிவுசெய்து, டைனமிக் அப்டேட்டை ‘செக்யூர் ஒன்லி’ ஆக்குங்கள். கால் மணித்தியாலத்தில் அக்கராயனில் வந்துவிட்டது.

சோன் வந்திருக்கிறது, ஆனால் பழசு

வவுனியாவில் இருக்கும் ஓர் அண்ணை ஓரிரவு போன் எடுத்தார். ‘பிள்ளை, சோன் வந்திருக்கு. ஆனா உள்ளுக்குள்ள கிடக்கிறதெல்லாம் நாலு வருசத்துக்கு முந்தினது. எறிஞ்ச சேர்வர் எல்லாம் நிக்குது.’

ஈவென்ட் வியூவரில் டிஎன்எஸ் பகுதியைத் திறக்கச் சொன்னேன். 4515 இருந்தது. ஒரே சோன் இரண்டு அறையில் குடியிருக்கிறது, ஒன்றை ஏற்றிவிட்டேன், மற்றதைப் பார்க்காமல் விடுகிறேன் என்று டிஎன்எஸ் சொல்கிற செய்தி அது. யாரோ ஒரு காலத்தில் சோனை டொமைன் பார்ட்டிஷனிலிருந்து டொமைன்டிஎன்எஸ்சோன்ஸுக்கு மாற்றியிருக்கிறார்கள், பழைய அறையிலும் ஒரு பிரதி தங்கிவிட்டது. பழைய டிசி புதுப் பிரதியைப் பாவித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. புது டிசிக்கு முதலில் கையோடு வந்தது டொமைன் பார்ட்டிஷன் அல்லவா? அதற்குள் கிடந்த பழசை எடுத்து ஏற்றிக்கொண்டது.

இதில் டிஎன்எஸ் மனேஜரால் எதையும் அழிக்காதீர்கள். அது ஏற்றப்பட்ட பிரதியைத்தான் அழிக்கும், எது ஏற்றப்பட்டது என்பது சேர்வருக்குச் சேர்வர் வேறு. முதலில் பேக்கப். நல்ல டிசியில் சோனை ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்கள். பிறகு, அக்டிவ் டிரெக்டரியின் உள்ளை நேரே காட்டும் ஏடிஎஸ்ஐ எடிட்டில் இரண்டு அறையையும் திறவுங்கள்: டொமைன் பார்ட்டிஷனில் சிஸ்டம், அதற்குள் மைக்ரோசொஃப்ட் டிஎன்எஸ், மற்றதில் டொமைன்டிஎன்எஸ்சோன்ஸ், அதற்குள்ளும் மைக்ரோசொஃப்ட் டிஎன்எஸ். இரண்டிலும் உங்கள் சோன் பெயரில் ஒரு கொள்கலன் இருக்கும். உள்ளே இருக்கும் ரெக்கோர்டுகள் கடைசியாக எப்போது மாறின என்று பாருங்கள். ஒன்றில் நேற்றைய திகதி இருக்கும், மற்றதில் வருடக்கணக்கில் தூசி. தூசி பிடித்த கொள்கலனை அங்கேயே அழித்து, ரெப்ளிகேஷன் ஓடிய பிறகு இரண்டு டிசியிலும் டிஎன்எஸ் சேவையைத் திருப்பித் தொடக்குங்கள். பெயரில் சிஎன்எஃப் ஒட்டிக்கொண்ட கொள்கலன் கண்ணில் பட்டால், உங்களுக்கு முந்தி ஒருவர் என்னைப் போல வெள்ளிக்கிழமை பஸ் பிடித்திருக்கிறார்.

எரிந்துபோன வவுனிக்குளம்

இறக்காமல் எறிந்த டிசி, சோனுக்குள் ஆவியாக அலையும். சோன் ப்ரொப்பர்ட்டீஸில் நேம் சேர்வர்ஸ் பக்கத்தில் வவுனிக்குளம் நின்றது. சங்கம் டொட் லோக்கலுக்குள் எம்எஸ்டிசிஎஸ் என்ற சாம்பல் நிறக் கோப்புறை ஒன்று இருந்தது. அது கோப்புறை இல்லை, தனிச் சோனுக்கு வழிகாட்டும் டெலிகேஷன் பலகை. அந்தப் பலகையில் எழுதியிருந்த ஒரே பெயரும் வவுனிக்குளம். இரண்டு இடத்திலும் நீக்கி, உயிரோடு இருப்பவர்களை எழுதினேன். அக்டிவ் டிரெக்டரி யூசர்ஸ் பக்கத்தில் டொமைன் கொன்ட்ரோலர்ஸ் பிரிவிலும், சைட்ஸ் அண்ட் சேர்விசஸிலும் கிடந்த அதன் கணக்கையும் அழித்தேன்.

அதோடு முடியவில்லை. டிஎன்எஸ் பார்ட்டிஷன் ஒவ்வொன்றுக்கும் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பொறுப்பாளர் என்று ஒருவர் உண்டு; சாதாரணமாக நாங்கள் பார்க்கும் ஐந்து எஃப்எஸ்எம்ஓ வேலைக்குள் (ஒரு நேரத்தில் ஒரு டிசி மட்டும் பார்க்கும் பொறுப்புகள்) இது வராது. இது செத்த டிசியைக் காட்டிக்கொண்டிருந்தால் இப்போது ஒன்றும் தெரியாது, பழைய டிசியை இறக்கப் போகும் நாளில் மறிக்கும். ஏடிஎஸ்ஐ எடிட்டில் இரண்டு பார்ட்டிஷனிலும் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்பதைத் திறந்து எஃப்எஸ்எம்ஓ ரோல் ஓனர் வரியைப் பாருங்கள். நடுவில் ‘0ஏடிஇஎல்’ என்று இருந்தால் அழிந்தவரின் பெயர். பொறுப்பைக் கொடுக்கப்போகும் டிசியோடு ஏடிஎஸ்ஐ எடிட்டை இணைத்துக்கொண்டு, அந்த டிசியின் என்டிடிஎஸ் செட்டிங்ஸ் முகவரியை அங்கே இடுங்கள்.

சோனோடு வராதவை

ஃபோர்வர்டர், அதாவது தனக்குத் தெரியாத பெயரை யாரிடம் கேட்பது என்ற முகவரி, ரெப்ளிகேட் ஆகாது. அது சேர்வருக்குச் சேர்வர் தனி. புதியதை உயர்த்தும்போது, கார்டில் இருந்த டிஎன்எஸ் ஐபியை எடுத்து ஃபோர்வர்டராக அதுவே போட்டுக்கொள்வதும் உண்டு. அக்கராயனில் 192.168.10.5 என்று இரணைமடுவே ஃபோர்வர்டராக நின்றது. இன்றைக்கு வேலைசெய்யும். இரணைமடுவை நிறுத்தும் நாளில் நாற்பது பேருக்கும் இன்டர்நெட் போகும். அங்கே உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைப் போடுங்கள், 8.8.8.8 போட விரும்பினால் அதற்குரிய இடம் இதுதான். குறித்த டொமைனுக்கு மட்டுமான கண்டிஷனல் ஃபோர்வர்டரும் அக்டிவ் டிரெக்டரியில் சேமிக்கச் சொல்லியிருந்தால் மட்டுமே வரும்.

எல்லாம் வந்த பிறகு டிசிடயாக்கின் டிஎன்எஸ் சோதனையைப் புதியதில் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், முகாமையாளரிடம் சொல்லிவிட்டு, பழையதின் டிஎன்எஸ் சேவையை மட்டும் நிறுத்துங்கள். அதற்கு முன், கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபியில் 006 என்ற ஒப்ஷனில் புதியதின் ஐபியை முதலாவதாகப் போட்டிருக்கவேண்டும். ஒருவர் கணினியில் லொகின் பண்ணி, பிரிண்ட் எடுத்து, கணக்கு மென்பொருளைத் திறந்து பார்க்கட்டும். சரிவந்தால் இரண்டு கிழமை இரண்டையும் ஓடவிட்டு, அதற்குப் பிறகு எஃப்எஸ்எம்ஓ வேலைகளை மாற்றிப் பழையதை முறையாக இறக்குங்கள்.

எங்களுக்கு அந்த மத்தியானம் எல்லாம் ஓடியது, வாசலில் இருக்கும் விரல் அடையாள மெஷினைத் தவிர. அதற்குள் யாரோ 192.168.10.5-ஐக் கையால் அடித்து வைத்திருந்தார்கள். மெனுவின் கடவுச்சொல் எனக்கு முந்தி இருந்தவருக்குத்தான் தெரியும், அவர் இப்போது கனடாவில்.